அக்சாவின் கண்களுக்குக் கீழே

ஸ்ரீவில்லிபுத்தூர்,
6.5.2024

அன்புள்ள மகன் ரோஷனுக்கு,

அம்மாவின் ஸ்தோத்திரம். வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்குவது வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் வலி எப்போதும் போல. உன் அக்கா விஷயம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். பட்டாளத்தில் உன்னைப் போட்டிருக்கிற மலையில் சனிக்கிழமை பத்து நிமிஷம் சிக்னல் கிடைக்கிறது. அதில் பாதி "ஹலோ, கேக்குதாம்மா" என்பதிலேயே போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினாலோ, நான் உனக்கு எழுதுவது மறுநாளே அக்சாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அக்காளும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே ஒரு கட்சி. அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்ததும் அக்சாவும் அவள் புருஷனும் இராஜபாளையத்திலிருந்து வண்டியில் வந்து என்னோடு சாப்பிட்டுப் போவது உனக்குத் தெரியும். நேற்று வரவில்லை. போன திங்கட்கிழமை மதுரையில் ஸ்கூல் ட்ரெயினிங், இரண்டு நாள் என்று சொல்லிப் போனாள். கோடை விடுமுறையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ட்ரெயினிங் வைக்கிறார்கள்? கேட்டேன். மாங்காய் ஊறுகாய் போட்டாச்சா என்று பேச்சை மாற்றினாள். திரும்பி வந்ததிலிருந்து வீடியோ கால் கிடையாது, குரல் மட்டும்தான். போனில் கேமரா கெட்டுப்போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன் என்று போட்டோ அனுப்பினாள். கேமரா கெட்ட போனில் போட்டோ எடுத்தது எப்படி என்று நான் கேட்கவில்லை. மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

நம் ஹாஸ்டலில் சமையல் செய்த மாரியாத்தாள் இப்போது அக்சா குடியிருக்கிற தெருவில்தான் மாவு அரைத்து விற்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "அக்கா வாசலுக்கே வரலம்மா. அண்ணந்தான் மாவு வாங்க வாராக, துணி காயப் போடுதாக. நேத்து ஐஸ்கட்டி இருக்கானு கேட்டாக. நான் எட்டிப் பாத்தேன், அக்கா வீட்டுக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டு உக்காந்திருக்காக" என்றாள். வீட்டுக்குள் எதற்குக் கூலிங் கிளாஸ்? ஆண்பிள்ளை திடீரென்று துணி காயப் போடுவது எதற்கு? அடித்த கைதான் அப்படி ஓடி ஓடி வேலை செய்யும். மாப்பிள்ளை என்று எழுத மனசு வரவில்லை, ஜெபின் என்றே எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சந்தேகப் புத்தி என்று நீ சிரிப்பாய். இருபத்தேழு வருஷம் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்தவளுக்கு வேறு என்ன புத்தி இருக்கும்? வன்னியம்பட்டியிலிருந்து சிவரஞ்சனி என்று ஒரு பிள்ளை படித்தாள், எட்டாம் வகுப்பு. லீவு முடிந்து கன்னம் வீங்கி வந்தாள். "விழுந்துட்டேன் டீச்சர்" என்றாள். நம்பினேன். அடுத்த லீவுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. அவள் சித்தப்பா என்ன செய்தான் என்று பிறகு ஊரே பேசியது. அதற்கப்புறம் விழுந்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

அக்சா முகமே சொல்லும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, கருத்து, அழுது ஓய்ந்தவள் மாதிரிதான் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல், "அழுதியாட்டி? அவன் எதுவும் சொன்னானா?" என்று கேட்டிருக்கிறேன். ஒன்பது வருஷமாக "இல்லம்மா" என்ற ஒரே பதில்தான். பாடம் பண்ணி வைத்திருப்பவர்கள்தான் ஒரு எழுத்து மாறாமல் ஒப்பிப்பார்கள்.

நாளை மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கப் போகிறேன். நீ லீவுக்கு எழுதிப் போடு. அப்பா இருந்தால் அவர் கேட்பார். அவர் இல்லாத வீட்டில் நீதான் கேட்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள். போன மாதம் நீ அனுப்பிய போட்டோவிலும் கூலிங் கிளாஸ்தான் போட்டிருக்கிறாய். பனி கண்ணைக் கூசும் என்கிறாய், சரி.

ஜெபத்தோடு,
அம்மா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
15.5.2024

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. முதல் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ, அதற்குள் இரண்டாவது எழுத வேண்டியதாகிவிட்டது. நான் பயந்தது சரிதான். என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

போன புதன்கிழமை காலை பத்தரைக்கு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜெபின் வேலைக்குப் போயிருப்பான், அவளைத் தனியாகப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுப் போனேன். கதவைத் திறந்ததே அவன்தான். கையெல்லாம் சோப்பு நுரை. என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, வழியை விடாமல் கொஞ்ச நேரம் நின்றான். பத்து நாள் லீவு போட்டிருக்கிறானாம். சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியில் கல்யாணத்துக்கே நான்கு நாள்தான் லீவு கொடுத்தார்கள், உனக்கு நினைவிருக்கும்.

அக்சா திரையை எல்லாம் இழுத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி. நானே போய்க் கழற்றினேன். ரோஷன், இரண்டு கண்ணுக்குக் கீழேயும் வீங்கி, கன்னம்வரை ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. என்னட்டி இது என்றேன். "புது கிரீம் போட்டேம்மா, அலர்ஜி ஆயிருச்சு" என்றாள். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனவள் தொடையைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி நடந்தாள். இது என்ன என்றேன். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். கண்ணுக்கு ஒரு கதை, காலுக்கு ஒரு கதை.

நான் இருந்த இரண்டு மணி நேரமும் அவன் அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை. காப்பி போடச் சொல்லி அடுக்களைக்கு அனுப்பினேன். அங்கிருந்தும் எட்டி எட்டிப் பார்த்தான். அவள் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. எடுக்கக் குனிந்தவளை, "குனியாத, குனியாத" என்று பதறி ஓடிவந்து பிடித்தான். அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும். செய்த காரியம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பதற்றம் அது. படுக்கையில் மூன்று தலையணை அடுக்கியிருந்தது. பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். பேண்டேஜ் துணியை மடித்து டப்பாவில் தண்ணீரோடு வைத்திருக்கிறான். கட்டுத்துணி செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு ஒத்தடம் கொடுக்கத் தெரியாதா என்ன. அலமாரியில் இருந்த மாத்திரையின் பேரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து நம் மெடிக்கலில் கேட்டேன். ஒன்று புண் பழுக்காமல் இருக்க, இன்னொன்று வீக்கத்துக்கு. யாருக்கம்மா அடிபட்டது என்று கடைக்காரர் கேட்டார்.

கீழ் வீட்டு ஹரிகிருஷ்ணன் ராஜுவிடமும் விசாரித்தேன். மாடியில் சண்டை சத்தம் ஏதும் கேட்டதா என்றேன். "ஏமி லேதம்மா, ஒண்ணுமில்ல, மிக்ஸி ஓடுத சத்தம் மட்டுந்தான் கேக்கும்" என்றார். மிக்ஸியை ஓடவிட்டால் வேறு எந்தச் சத்தம் கேட்கும்?

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அவன் செருப்பை எடுக்கத் திரும்பிய நேரத்தில், "எங்கூட வந்துரு அக்சா" என்று காதில் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "நல்லாத்தாம்மா இருக்கேன். ரெண்டு வாரம் எங்கிட்ட ஒண்ணும் கேக்காத, அது போதும்" என்றாள். அடிபட்டவள் பேசுகிற பேச்சுதானே இது.

நேற்று செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம். ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம், காரியதரிசி எடுத்து வாசிப்பார், எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபிப்போம். பேர் எழுதும் வழக்கம் இல்லை. நானும் பேர் எழுதாமல், "இராஜபாளையத்தில் இருக்கும் ஒரு மகளுக்காக. கணவனின் கை அவள்மேல் விழாதிருக்க" என்று எழுதிப் போட்டேன். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் நான்கு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வரும்போது ஒருத்தி தோளைத் தட்டிக் கொடுத்தாள். நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் மனசு இலேசானது.

லீவு என்னாயிற்று? நீ வந்து நின்றால்தான் அவனுக்குப் பயம் வரும். சனிக்கிழமை போனில் சுருக்கமாகப் பேசு, வந்தபிறகு மற்றதைப் பேசிக்கொள்வோம்.

கண்ணீரோடு,
அம்மா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
27.5.2024

என் அன்பு மகன் ரோஷனுக்கு,

இந்தக் கடிதத்தை நீ வண்டி ஏறுவதற்கு முன்னால் படிக்க வேண்டும். அதற்காகவே தபால் ஆபீஸ் திறக்கும் முன் போய் நிற்கப் போகிறேன். சனிக்கிழமை நீ, "லீவு கெடச்சிருச்சும்மா, பத்தாம் தேதி கெளம்புதேன், வந்து அத்தானக் கவனிச்சுக்கிடுதேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அப்புறம் நாற்பது தடவை போட்டுப் பார்த்தேன். வாட்ஸ்அப்பிலும் அவசரம் என்று எழுதிப் போட்டேன், ஒரு டிக்கோடு நிற்கிறது. ஆகவே முதலில் முக்கியமானதை எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை அவளை அடிக்கவில்லை. ஒரு நாளும் அடித்ததில்லை. நான் எழுதிய இரண்டு கடிதமும் தப்பு.

என் சீட்டு செவ்வாய்க்கிழமை வாசிக்கப்பட்டது. வெள்ளிக்குள் இராஜபாளையம் சபைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஞாயிறு அங்கே வேதபாடம் வாசிக்க வேண்டியவர் மாப்பிள்ளை. குருவானவர் அவரைக் கூப்பிட்டு, "இந்த வாரம் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஆராதனை முடிந்ததும் தனியாக விசாரித்திருக்கிறார். அடிக்கவில்லை என்று இவர் சொன்னாராம். அப்படியானால் அவள் முகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "அத அவதான் சொல்லணும் ஐயா. நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றிருக்கிறார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாததையே குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் அக்சாவிடமும் சொல்லவில்லை. மாரியாத்தாள் வாயிலிருந்து அவளுக்குத் தெரியவர மூன்று நாள் ஆனது.

புதன்கிழமை சாயங்காலம் அக்சா இங்கே வந்தாள். மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று நானும் கூப்பிடவில்லை. வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் மிச்சம். ஒரு ஆஸ்பத்திரி பைலை மேசைமேல் வைத்தாள்.

அவள் மதுரைக்குப் போனது ட்ரெயினிங்குக்கு இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளத்தை நிரப்பப் போயிருக்கிறாள். தொடையின் உட்பக்கத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தம் பண்ணி, கண்ணுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக வைப்பார்களாம். அவள் உடம்பிலிருந்து எடுத்து அவள் உடம்பிலேயே வைப்பது. வீக்கமும் கன்றலும் இரண்டு மூன்று வாரம் இருக்குமாம். குனியக் கூடாது, தலையை உயர்த்தித்தான் படுக்க வேண்டும், வைத்த இடத்தை அழுத்தக் கூடாது, வெயில் படக் கூடாது. வைத்ததில் கொஞ்சத்தை உடம்பே கரைத்துவிடும், மிச்சம் நிலைக்க மூன்று மாதம் ஆகும் என்றாள். மூன்று தலையணை, கறுப்புக் கண்ணாடி, நனைத்த துணி, தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்தது என்று நான் சேர்த்து வைத்திருந்த சாட்சி எல்லாம் அந்த பைலில் டாக்டர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது.

அப்போதும் நான் விடவில்லை. யார் உன்னை இதற்குத் தூண்டினது, அவன் உன் முகத்தைப் பற்றி ஏதாவது குறை சொன்னானா என்று கேட்டேன். அவள் பைலில் கடைசித் தாளைத் திருப்பினாள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எடுத்து வைத்த போட்டோ. நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. அதைப் பார்த்ததும், நான் நினைப்பதற்கு முன்னால் என் வாய் பேசிவிட்டது. "இதுல எதுக்குட்டி அழுதிருக்க?" என்று கேட்டேன்.

அக்சா பைலை மூடினாள். "இதுக்குத்தாம்மா" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். அந்தப் போட்டோ எடுத்ததற்கு முந்தின நாள்தான் இருவரும் பிளவக்கல் அணைக்குப் போய், மீன் வாங்கிப் பொரித்துச் சாப்பிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார்களாம். "என் மூஞ்சியே அதாம்மா. ஒம்பது வருசமா ஞாயித்துக்கிழமை சோறு போடுததுக்கு முந்தி நீ என் கண்ணத்தான் பாக்க. அவிய இருக்கையிலேயே கேக்க. திரும்பிப் போறப்ப வண்டில அவிய வாயே தெறக்க மாட்டாக. போன பொங்கலுக்கு எங்கிட்டயே கேட்டுட்டாக, நான் இல்லாதப்ப அழுதியா அக்சா, எங்கிட்ட என்ன கொறைனு. அன்னைக்குத்தான் இந்தக் குழிய மூடிரணும்னு முடிவு பண்ணேன்" என்றாள். எனக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பேன் என்று பயந்துதான் மறைத்தாளாம். அந்தப் பயம் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சுவரில் இருந்த உங்கள் அப்பா போட்டோவைக் காட்டினாள். ரோஷன், முப்பத்திரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்தேன், செத்து நான்கு வருஷமாகத் தினமும் அந்தப் படத்துக்குக் கீழேதான் ஜெபிக்கிறேன். அவர் கண்ணுக்குக் கீழேயும் அதே குழி, அதே கறுப்பு. அவருடையதை வேலைக் களைப்பு என்று நினைத்தேன், இவளுடையதை அழுகை என்று நினைத்தேன். "அப்பாவ யாரும்மா அழ வச்சா?" என்று கேட்டாள். அவர் சட்டைப் பையைத் தினமும் சோதித்தவள் நான்.

அவள் போனபிறகுதான் மாப்பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது உறைத்தது. வெள்ளிக்கிழமை இராஜபாளையம் குருவானவரைப் போய்ப் பார்த்தேன். அக்சாவிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன். தாராளமாகச் சொல்லும்மா, நான் ஒன்றும் திருடவில்லை என்றாள். சீட்டை எழுதியது நான்தான், எழுதியது பொய் என்று சொன்னேன். சிவரஞ்சனியைப் பற்றியும் சொன்னேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றாமல் விட்டதற்கு இன்னொரு பிள்ளையைத் தண்டிக்கலாமா என்று அவர் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

நேற்று வேதபாடம் வாசித்தது மாப்பிள்ளைதான். நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அத விடுங்க அத்தை. வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார். இவ்வளவு நடந்தும் எதற்குக் கூப்பிடுகிறார் என்று ஒரு நிமிஷம் மனசு கணக்குப் போட்டது. என் புத்தியைப் பார்த்தாயா. அதை அதட்டி உட்கார வைத்துவிட்டு அவர்களோடு போனேன்.

அக்சா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். வலது பக்கம் இடதைவிடக் கொஞ்சம் உப்பலாக இருக்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. போகப் போகச் சமமாகிவிடும் என்று டாக்டர் சொன்னாரா, அந்த டாக்டர் உண்மையான டாக்டர்தானா, தொடைக் கொழுப்பு முகத்தில் தரிக்குமா என்று நூறு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்று மட்டும் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.

நாளை செவ்வாய்க்கிழமை சங்கம். சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தங்கபுஷ்பம் ஞானரத்தினம் என்று பேர் போட்டு எழுதியிருக்கிறேன். காரியதரிசி வாசிக்க வேண்டாம், நானே எழுந்து நின்று வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான்கு பேர் பார்த்தது போய் நாற்பது பேர் பார்க்கட்டும். மாப்பிள்ளை அந்த ஞாயிறு தனியாகத்தானே நின்றார்.

நீ வா, மகனே. லீவை ரத்து செய்துவிடாதே. அத்தானைக் கவனிக்க என்று வராமல் அத்தானோடு இரண்டு நாள் அய்யனார் கோவில் அருவிக்குப் போய்க் குளிக்க என்று வா. அக்காளைப் பார்த்தால் முகத்தை உற்றுப் பார்க்காதே. நன்றாக இருக்கிறாயா என்று கேள். நன்றாக இருக்கிறேன் என்றால் நம்பிவிடு. நானும் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. நேற்று ராத்திரி நீ பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து அனுப்பிய போட்டோ எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட உன் கண் தெரியவில்லை. நீ தங்குகிற பாரக்கில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற படத்திலும் கூலிங் கிளாஸ்தான், அங்கே என்ன பனி? நீயும் அப்பா பிள்ளைதானே. ரயில் ஏறும் முன்னால் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. அம்மா ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

அந்த மலையிலும் வருகிற வழியெங்கும் தேவன் உன்னோடு இருப்பாராக.

உன் அம்மா,
தங்கபுஷ்பம்